காலி நண்டு கேட்டவன்

போர்ச்சுகல் கிளம்ப ஐந்து நாள் இருந்தது. பீரோவில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அன்று காலையில் மட்டும் நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன். நான்காவது தடவை அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“அதுக்குக் காலு மொளைக்கலிங்க. மொளைச்சாலும் ஒங்கள வுட்டுட்டு அது மட்டும் தனியா போவாது.”

பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பீரோவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்தேன். என் உடம்பு வாகு அப்படி. ஐம்பத்திரண்டு வயதாகிறது. பயம் வந்தால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ரொம்பப் பயம் வந்தால் ஜோக் அடிப்பேன். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சாருக்குக் கவலையே கிடையாது என்று எங்கள் கட்டடத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். நான் அதிகமாகச் சிரிக்க வைத்த நாளெல்லாம் எனக்கு வயிறு கலங்கிய நாள் என்பது வீட்டில் மட்டும்தான் தெரியும்.

அண்ணாமலை நகரில் குடியிருக்கும் விலங்கியல் வாத்தியார் நான். என் ஆராய்ச்சி கழி நண்டைப் பற்றியது. உப்பங்கழிச் சேற்றில் வளை போட்டு வாழும் பெரிய கொடுக்கு நண்டு. அது எந்த மாதம் சினைப்படுகிறது, எந்த மாதம் சும்மா இருக்கிறது என்று அதன் குடும்ப விவகாரத்தில் இருபது வருஷமாக மூக்கை நுழைத்து வருகிறேன். இனப்பெருக்க உயிரியல் பற்றிய ஒரு பன்னாட்டு மாநாட்டில் பன்னிரண்டு நிமிஷம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்களைப் போலச் சுவரில் தாளை ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. மேடை, மைக், எல்லாம் உண்டு.

செய்தி தெரிந்ததும் என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், ஒரு காரியம் செய்தான். அவன் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ‘எங்க மாமா குழந்தை பாக்கிய டாக்டருங்க மாநாட்டுக்கு ஃபாரின் போறாரு’ என்று ஷிப்ட் முழுக்கச் சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடன் வேலை செய்பவர் ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு மனைவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பதறிப்போய், எனக்கு நண்டைப் பற்றித்தான் தெரியும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பணிவாக, “அதுங்களுக்கு என்னா மருந்து குடுக்கறீங்க சார்?” என்றார்.

நல்ல டாக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது அந்த அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். மருந்தை மறைக்கிறான் என்ற பார்வை.

மேடை கிடைத்ததற்குக் காரணம் ஒரு கோடு. இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் கடலூர் துறைமுகத்தில் இருபது பெண் நண்டு வாங்கி வந்து, அறுத்து, உள்ளே இருக்கும் சினையை எடை போட்டு எழுதிவைத்தேன். வேறு கடற்கரைகளில் இதைச் செய்தவர்களுக்கு வரைபடம் ஏறி இறங்கும். சில மாதம் நண்டு நிறைய முட்டை, சில மாதம் காலி. எனக்கு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சித்திரையிலும் முட்டை, ஐப்பசி மழையிலும் முட்டை. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. ‘இந்தக் கடற்கரையின் கழி நண்டுக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது, ஆண்டு முழுதும் ஒரே அளவில் சினைப்படுகிறது’ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். பத்திரிகை ஒன்றுக்கும் கட்டுரையாக அனுப்பியாயிற்று. அடுத்த மாதம் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. அந்தக் கோப்பில் முதல் தாளே இந்த மாநாட்டு அழைப்புதான்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, முதல் ஸ்லைடில் போட ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று தோன்றியது. காலை பஸ் பிடித்துக் கடலூர் முதுநகர் போய் இறங்கினேன்.

எனக்கு நண்டு கொடுப்பவர் துறைமுகத்தில் கடை போடும் ஓர் அம்மா. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நான் யக்கா என்பேன், அவர் வாத்தியாரே என்பார். வயதை இருவரும் விசாரித்துக்கொண்டதில்லை. அகலமான அலுமினியக் கூடை, அதில் கயிற்றால் கொடுக்கு கட்டிய நண்டுகள், மேலே ஈரச் சாக்கு. இரண்டு வருஷமாக மாதத்தின் முதல் வாரம் நான் போய் நிற்பேன், அவர் ஒரு பையை எடுத்து நீட்டுவார், வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

“போட்டோவா? இரு இரு, பொடவைய சரி பண்ணிக்கறேன். வெள்ளக்காரங்க பாப்பாங்களா?”

“எல்லா ஊர்க்காரங்களும் பாப்பாங்க யக்கா.”

“அப்ப நல்ல நண்டா புடிச்சிக்கணும்.”

சாக்கை விலக்கி ஒரு நண்டை எடுத்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார். இன்னொன்று. அதையும் வைத்துவிட்டார். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “ம், எடு போட்டோவ” என்றார்.

“அந்த மூணும் பாக்க நல்லாத்தான இருந்துச்சி?” என்று கேட்டேன்.

“அதுங்க காலி. வெயிலுக்குக் காட்டுனா ஓட்டோட ஓரத்துல வெளிச்சம் பூரும் பாரு. இதுல பூரல. உள்ள கெட்டியா முட்டை ரொம்பியிருக்கு.”

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. 

“யக்கா, எனக்குப் பையில போட்டுக் குடுப்பியே, அதையும் இப்பிடிப் பாத்துதான் போடுவியா?”

அவருக்கு வருத்தமாகப் போய்விட்டது. “பின்ன? ஒனக்குப் போயி காலி நண்டு குடுப்பனா? மொதமொத வந்தப்ப என்னா சொன்ன? முட்டைய ஆராய்ச்சி பண்றேன் யக்கான்னு சொன்ன. அன்னைலேருந்து வர்ற கூடையெல்லாம் ஒண்ணொண்ணா தூக்கிப் பாத்து, ஒனக்குன்னு இருபது தனியா பொறுக்கி வெச்சிட்டுதான் மீதிய விக்கறேன். ஓட்டல்காரங்க வந்து கெஞ்சுவாங்க. அது வாத்தியாருது, தொடாதன்னு சொல்லிருவேன்.”

“முட்டை ஜாஸ்தி இல்லாத மாசத்துலகூடவா?”

“அந்த மாசத்துலதான் கஷ்டம். இருபது சேக்கறதுக்கு மூணு நாளு ஆவும். பக்கத்துக் கடையிலெல்லாம் மாத்தி வாங்குவேன். ஒனக்குச் சொல்லல. இதெல்லாம் போயி சொல்லிக்கிட்டு.”

போட்டோ எடுத்தேன். அந்த அம்மா கம்பீரமாக நண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, என் கை மட்டும் ஆடியதில், படத்தில் அவருக்கு இரண்டு மூக்கு வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன இடி விழுந்துவிட்டது என்று தோன்றலாம். ஒரு ஊரில் எத்தனை பேர் உயரம் என்று கணக்கெடுக்கப் போனவனுக்கு, பாசத்தால் ஒருவர் உயரமான ஆட்களாகப் பார்த்து வரிசையில் நிறுத்தினால், அந்த ஊரில் குள்ளமே கிடையாது என்றுதான் எழுதுவான். நான் எழுதியிருந்தேன். அதுவும், ‘எவ்விதத் தேர்வுமின்றி எடுக்கப்பட்ட பெண் நண்டுகள்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அந்த அம்மாவோ வெயிலில் மூன்று நாள் நின்று, ஊரையே சலித்து, தேர்வு வைத்து, பாஸ் ஆனவற்றை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறார். என் நேர்கோடு நண்டின் குணம் இல்லை. அந்த அம்மாவின் குணம்.

சிதம்பரம் பஸ்ஸில் பாதி இடம் காலியாக இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. முன்னால் போனேன், பின்னால் வந்தேன். கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், பஸ்ஸு ஏற்கெனவே ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க வேற எதுக்கு உள்ள நடக்கறீங்க?”

“இடுப்பு வலிங்க.”

இரண்டு தடவை கனைத்துக்கொண்டேன்.

நேராக ஆய்வகத்துக்குப் போய்ப் பழைய நோட்டை எடுத்தேன். இன்னொரு அசிங்கம் அங்கே காத்திருந்தது. மாதம் தவறாமல் கடலூர் என்று சொன்னேனே, அதிலும் ஓட்டை. முதல் வருஷத்தில் மூன்று மாதம் அந்த அம்மா ஊரில் இல்லை. பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டாவது பிரசவம், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று போயிருந்தார். அந்த மூன்று மாதமும் நான் சிதம்பரம் மார்க்கெட்டில் ஒருவரிடம் வாங்கினேன். அவர் செல்போனில் பேசிக்கொண்டே, கூடையில் கை விட்டதை எடுத்துப் பையில் போடுகிறவர். அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி. நான் என்ன செய்தேன்? ‘மாதிரி சரியில்லை’ என்று எழுதி, மூன்று பக்கத்துக்கும் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டேன். வரைபடத்தில் அந்த மூன்று மாத இடைவெளியைப் புள்ளிக்கோட்டால் இணைத்தேன். இரண்டு வருஷத்தில் யாரும் பொறுக்காமல் எனக்குக் கொடுத்த நண்டுகள் அவை மட்டும்தான். அவற்றைத்தான் தள்ளுபடி செய்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நான் அப்பவே நெனச்சேன். ரெண்டு வருஷமா நீங்க கடலூர்ல வாங்கி அறுத்துட்டு மிச்சம் கொண்டாந்த நண்டுல ஒண்ணாச்சும் சோடை இருந்துச்சா? சதை அவ்ளோ கெட்டி. நம்ம தெருவுல யாருக்கும் அப்பிடி நண்டு கெடைக்கறதில்ல. அந்தம்மா ஒங்களுக்குப் பொறுக்கிக் குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நண்டு நல்லா இருக்குன்னு யாராச்சும் புகார் சொல்லுவாங்களா?”

பயணத்தை ரத்து செய்யலாமா என்று யோசித்தேன். காய்ச்சல் என்று எழுதலாம். அந்தக் கடிதத்தை எழுதவும் ஆரம்பித்தேன். நிஜமாகவே நெற்றி சுட்டது. தெர்மாமீட்டரில் மட்டும் சரியாக இருந்தது. அதைக் கழுவித் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது. சில கருவிகளுக்கு மனிதாபிமானமே கிடையாது.

மச்சான்தான் தன் காரில் சென்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். விழுப்புரம் தாண்டும்வரை வாயை அடக்கி வைத்திருந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் ஒரு லாரியை முந்திவிட்டு நிதானமாகப் பேசினான்.

“மாமா, அங்க யாருக்குத் தெரியப்போவுது? நம்ம நண்டு என்னா, டிக்கெட்டு எடுத்து வந்து சாட்சியா சொல்லப்போவுது?”

“தப்பு தப்புதானடா.”

“நீங்க வேணும்னா செஞ்சீங்க? அந்தம்மா குடுத்துச்சி, நீங்க வாங்குனீங்க. கம்முனு பேசிட்டு வந்து புரொபசராவுங்க. அப்பறமா பொறுமையா திருத்திக்குங்க.”

“அதுக்குள்ள வேற ஊர்ல ஒருத்தன் என் கோட்ட நம்பி, இந்த நண்ட எந்த மாசம் புடிச்சாலும் ஒண்ணுதான்னு எழுதிட்டான்னா?”

“எழுதுனா?”

“முட்டை வெக்கற மாசம் எதுன்னு யாரும் தேட மாட்டாங்க. அந்த மாசத்துல நண்ட புடிக்காம வுட்டுவெக்கவும் மாட்டாங்க.”

அவன் கியரை மாற்றினான். பிறகு, “அப்ப பயந்துக்கினே உண்மைய சொல்லிருங்க மாமா. நீங்க எப்பிடியும் பயப்படத்தான் போறீங்க, ரெண்டுல எதுக்குப் பயந்தா என்னா” என்றான். என் வாழ்க்கையை இவ்வளவு சரியாக வேறு யாரும் சுருக்கிச் சொன்னதில்லை.

விமானத்தில் மடிக்கணினியைத் திறந்து மூன்று கோப்புகள் செய்தேன். முதலாவது பழையபடி, நேர்கோட்டோடு. மூன்றாவதில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், சிவப்புக் கோடு போட்ட பக்கங்களின் படத்தோடு. நடுவில் ஒன்று. அதில் நேர்கோடு இருந்தது, ஆனால் அடியில் சின்ன எழுத்தில், ‘மாதிரி சேகரிப்பில் சில வரம்புகள் உள்ளன’ என்று ஒரு வாக்கியம். கோழைகளுக்காகவே கண்டுபிடித்த வாக்கியம் அது. பக்கத்து இருக்கைக்காரர் நான் மூன்றையும் மாற்றி மாற்றித் திறப்பதைப் பார்த்து, “பரீட்சையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். “எந்த வகுப்பு?” என்றார். அவரும் என் ஜாதிதான் போலிருக்கிறது, பயத்தில் ஜோக் அடிக்கிற ஜாதி. இருக்கையின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

மாநாடு நடந்த ஊர் கடற்கரை ஊர். மேடும் பள்ளமுமான கல் பாவிய தெருக்கள். அரங்கத்தில் எலி, தவளை, மாடு, குதிரை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிராணியின் அந்தரங்கத்தோடு வந்திருந்தார்கள். கழுத்தில் பெயர் அட்டை மாட்டினார்கள். அது உறையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பீரோ இல்லாத குறைக்கு அது உதவியது.

என் முறை இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு. எட்டு மணிக்குள் கோப்பை வரவேற்பு மேசையில் கொடுக்க வேண்டும். அங்கிருந்த பெண் என் பென் டிரைவைச் செருகிவிட்டு, “மூன்று இருக்கிறதே, எது?” என்று கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். விரலை நீட்டினேன். விரல் நடுக்கோப்புக்குப் போய் நின்றது. வீரம் மூன்றாவதைச் சொன்னது, ஆசை முதலாவதைச் சொன்னது, விரல் இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிவிட்டது.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே மதியம்.

“சாப்ட்டீங்களா?”

“ரொட்டி.”

“எந்தக் கதையச் சொல்லப்போறீங்க?”

“நடுவுல ஒண்ணு செஞ்சிருக்கேன். பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும்வரை என் மனைவி காத்திருந்தாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்றேன். நீங்க பொய் சொன்னா ரெண்டு தடவ கனைப்பீங்க. கல்யாணமான மொத மாசமே எனக்குத் தெரியும்.”

“மொத மாசம் நான் என்ன பொய் சொன்னேன்?”

“எங்கம்மா வெச்ச மீன் கொழம்பு நல்லா இருக்குன்னு சொன்னீங்க.”

“நல்லாத்தான் இருந்துச்சி,” என்றேன். இரண்டு தடவை கனைத்தேன்.

“தோ,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு மேடை ஏறினேன். அமர்வுத் தலைவர் ஓர் அம்மாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, மஞ்சள் நிற ஸ்வெட்டர், முன்னால் ஒரு சின்ன மணி. நேரம் முடிந்தால் அடிப்பதற்கு. முதல் இரண்டு ஸ்லைடு நன்றாகவே போயின. ஒரு ஜோக் அடித்தேன், சிரித்தார்கள். என் வயிறு எந்த நிலையில் இருந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

பிறகு நேர்கோடு வந்தது.

“இந்த நண்டுகள் எவ்விதத் தேர்வுமின்றி…” என்று ஆரம்பித்தேன். கனைத்தேன். மைக் காலருக்குப் பக்கத்திலேயே குத்தியிருந்ததால், கனைப்பு அரங்கத்தின் நாலு மூலையிலும் போய்க் கேட்டது. “எவ்விதத் தேர்வுமின்றி எடுக்கப்பட்டவை” என்றேன். மறுபடி கனைத்தேன். இரண்டாவது கனைப்பு முதலாவதைவிடச் சத்தமாக இருந்தது. முன் வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். லேசர் புள்ளி திரையில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை முகத்தையும் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“மன்னிக்க வேண்டும். நான் இப்போது சொன்னது உண்மையில்லை” என்றேன்.

பேனாக்கள் நின்றன.

சொல்லிவிட்டேன். துறைமுகம், கூடை, வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பது, மூன்று நாள் சலித்துச் சேர்ப்பது, ஓட்டல்காரர்களை விரட்டியது, எல்லாம். அந்தப் புள்ளிக்கோட்டைக் காட்டி, அந்த இடத்தில் என்னிடம் நண்டு இருந்தது, காலியாக இருந்ததால் நானே தூக்கிப் போட்டேன் என்றேன். அதைக் காட்டும் படங்கள் எல்லாம் மூன்றாவது கோப்பில் இருந்தன. திரையில் இரண்டாவது கோப்பின் சின்ன எழுத்து மட்டும் தெரிந்தது. அதனால் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நண்டுக்குப் பருவம் உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று முடித்தேன். இருபது வருஷம் படித்துவிட்டு மேடையில் ‘தெரியாது’ என்று சொல்வதற்கு நல்ல மூச்சு வேண்டும். எனக்கு அது பாதியில் தீர்ந்துவிட்டது.

 பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேலியாக இல்லை, தன் வீட்டு ரகசியத்தை அடுத்த வீட்டில் கேட்டவர் சிரிப்பது போல. ஓர் இளைஞர் எழுந்து, “அப்படியானால் அச்சிட்ட சுருக்கத்தில் உள்ள முடிவைத் திரும்பப் பெறுகிறீர்களா?” என்று கறாராகக் கேட்டார்.

“ஆமாம்.”

உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் கேட்க என்ன இருக்கிறது.

மஞ்சள் ஸ்வெட்டர் அம்மாள் மணியை அடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “அந்தப் பெண்மணி கொடுத்தவற்றில் எத்தனை காலியாக இருந்தன?”

நான் அதைக் கணக்கு பார்த்ததே இல்லை. மனதுக்குள் நோட்டைப் புரட்டினேன். “இரண்டு வருஷத்திலும் சேர்த்து, ஒரு கை விரலுக்குள் அடங்கும்.”

“அறுக்காமல்?”

“வெயிலில் காட்டித்தான்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்து என்ன சொல்வார் என்று நின்றேன். மணியை அடித்தார். இறங்கினேன். கைதட்டினார்கள். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. கழிவறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, நடைவழியில் நின்றபடியே, பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பிய பிறகு, போய்விட்டதா என்று ஐந்து தடவை பார்த்தேன். ஐந்து தடவையும் போயிருந்தது.

ஊர் திரும்பியதும் பதவி உயர்வுக் கோப்பிலிருந்து முதல் தாளை நானே உருவி எடுத்தேன். நேர்முகத்தில் ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், வெளிநாடு போயிட்டு வந்ததா கேள்விப்பட்டோம், இதுல ஒண்ணையும் காணோமே?” என்றார். காரணத்தைச் சொன்னேன். சிரித்தார்கள், டீ வரவழைத்தார்கள், அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். டீ நன்றாக இருந்தது. அன்று நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

முதல் வாரம் வந்தது. துறைமுகம் போனேன். அந்த அம்மா பையைத் தயாராக வைத்திருந்தார்.

“யக்கா, இனிமே எனக்குப் பொறுக்கிக் குடுக்கக் கூடாது. காலியும் வேணும்.”

“காலி எதுக்கு?”

“காலி எத்தனைன்னு தெரிஞ்சாதான முட்டை எத்தனைன்னு தெரியும்?”

“நான்தான் சொல்றனே, இந்தக் கூடையில பாதிக்கு மேல காலி. அதுக்குப் போயி அறுக்கணுமா?” என்றார். நியாயமான கேள்வி. என் துறைக்கே பதில் தெரியாத கேள்வி.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கூடையில் கைக்கு வரும் வரிசையில் நானே எடுப்பேன், வயிற்று மூடி அகலமாக இருக்கும் பெண் நண்டு முதல் இருபது, நல்லது கெட்டது பார்க்காமல். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, “ஐயோ, அது காலி… அதுவும் காலி… வாத்தியாரே, அத வை, அது வெறும் தண்ணி” என்று அவர் துடித்தார். தன் கண்ணெதிரே ஒருத்தன் கிணற்றில் விழுவதைப் பார்க்கிற துடிப்பு. பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

“என்னா யக்கா, வாத்தியாருக்கு என்னா ஆச்சி?”

“வெளிநாடு போயிட்டு வந்ததுலேருந்து இப்பிடித்தான்.”

இருபதையும் பையில் போட்டுவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பினேன். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வந்து, ஆய்வகத்து மேசையில் கொட்டி எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். நான் எண்ணுவதில் எனக்கே நம்பிக்கையில்லாமல் ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவரும் இருபத்தொன்று என்றார்.

போன் போட்டேன்.

“யக்கா, ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே?”

“கொசுறு வாத்தியாரே. வூட்டுக்கு. வெறும் காலியா கொண்டு போனா அந்தம்மா என்னா நெனைக்கும்? நல்ல முட்டை நண்டு ஒண்ணு போட்டேன்.”

“அது எது யக்கா? எல்லாம் ஒரே மாதிரி கட்டியிருக்கு.”

“எது நல்லா இருக்கோ, அதுதான்” என்றார்.

இருபத்தொன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெயிலுக்குத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எல்லாவற்றின் ஓரத்திலும் வெளிச்சம் புகுந்தது போலவும் இருந்தது, புகாதது போலவும் இருந்தது. நோட்டில் தேதியைப் போட்டு, ‘ஒன்று கூடுதல், எது என்று தெரியவில்லை, காரணம் அன்பு’ என்று எழுதி, கடைசி வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு ‘கொசுறு’ என்று திருத்தினேன். பையைக் கட்டி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், வேறு இருபது எடுக்க மறுபடி கடலூர் கிளம்பினேன். இந்தத் தடவை பையைக் கையை விட்டு இறக்குவதாக இல்லை.